கிளைவின் வாழ்க்கையில் நாம் படிக்காத பக்கங்கள்

ராபர்ட் கிளைவின் பெயரைக் கேள்விப்படாமல் நம் நாட்டில் யாரும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க முடியாது. ஆற்காட்டு முற்றுகை, பிளாசிப் போர், வங்கத்தின் திவானி உரிமை ஆகிய மூன்று நிகழ்ச்சிகளோடு பாடநூல்கள் அவருடைய கதையை முடித்துவிடுகின்றன. இவை மூன்றும் அவர் ஓயாமல் இயங்கிய காலங்களைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நடுவே மாதக்கணக்கில் எதிலும் மனம் செல்லாமல், நோயும் சோர்வுமாக அவர் முடங்கிக் கிடந்த காலங்களும் உண்டு. பாடநூல்கள் விட்டுவிட்ட அந்தக் காலங்களையும் சேர்த்துப் படித்தால்தான் 49 வயதில் அவர் வாழ்க்கை முடிந்த விதம் நமக்கு விளங்கும்.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் வியக்கலாம். பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களின் வரவு செலவை அறிய நான் பல ஆண்டுகள் அங்கே சென்று வந்தவன். அங்குள்ள குடும்பங்களின் கடன் பெரும்பாலும் பருவத்தைப் பின்பற்றியே ஏறும், இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம், வடகிழக்குப் பருவமழை, முகத்துவாரம் மணல் மேவி அடைபட்டு ஏரியில் மீனும் இறாலும் குறையும் மாதங்கள் ஆகியவற்றைக் கொண்டே எந்த வீட்டில் எப்போது கடன் கூடும் என்று ஓரளவு கணித்துவிடலாம்.

ஆனால் சில வீடுகளின் கணக்கு எந்தப் பருவத்துக்கும் கட்டுப்படவில்லை. சில வாரங்களுக்கு வீட்டுத் தலைவர் இரவும் பகலும் உறங்காமல் உழைப்பார். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் புது வலை, புது எஞ்சின் என்று வாங்கிக் குவிப்பார். கேட்டவர்க்கெல்லாம் கைமாற்றுக் கொடுப்பார். அதற்குப் பின் சில மாதங்கள் ஏரிப் பக்கமே போகமாட்டார். முதல் கட்டத்தில் ஊர் அவரை உழைப்பாளி என்று புகழும். இரண்டாம் கட்டத்தில் சோம்பேறி என்று ஏசும், அல்லது யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்லும். இரண்டு கட்டங்களும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்கக்கூடும் என்று அங்கே சொல்வார் இல்லை. பிற்பாடு கிளைவின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்தபோது, இந்தக் கணக்கின் வடிவத்தையே நான் அவற்றிலும் கண்டேன். அவர் வேலைக்கு வந்து சேர்ந்த புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவுதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். 250 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவருக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டுவது மருத்துவ முறைக்கு ஒவ்வாது. கிளைவுக்கு இருமுனை மனநிலைக் கோளாறு இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகிறார்கள். அவரை வாட்டிய பித்தப்பைக் கல், காய்ச்சல், வலிக்கு எடுத்துக்கொண்ட அபின் ஆகியவையே பெரிதும் காரணம் என்று கருதுவோரும் உண்டு. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மனநிலையின் சுழற்சி என்றால் என்ன, சுற்றியிருப்போர் அதை எப்படிப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பதை விளக்க, எல்லோரும் அறிந்த இந்த வாழ்க்கை உதவும் என்பதே என் எண்ணம்.

கிளைவ் 1725 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் பகுதியில், கடன் சுமை கொண்ட ஒரு சிறு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். அடங்காத பிள்ளை என்று பெயரெடுத்துப் பல பள்ளிகள் மாறினார். 1743-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகக் கப்பலேறினார். கப்பல் பிரேசிலில் பல மாதம் தங்க நேர்ந்ததால் 1744-ல்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18. ஆண்டுச் சம்பளம் 5 பவுன். அறிமுகக் கடிதம் கொண்டுவந்திருந்தார், ஆனால் அதைப் பெறவேண்டியவர் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார். யாரோடும் ஒட்டாமல், ஆளுநரின் நூலகத்தில் தனியே பொழுதைக் கழித்தார். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் தனிமையும் ஏக்கமும் நிறைந்திருந்தன. அக்காலத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாக ஒரு செய்தி உண்டு. 1840-ல் மெக்காலே எழுதிய கட்டுரை அதை உலகறியச் செய்தது.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. கிளைவ் மாறுவேடத்தில் தப்பிக் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்குச் சென்றார். கணக்கெழுதும் வேலையை விட்டுப் படையில் சேர்ந்தார். அதுவரை எதிலும் பற்றில்லாதிருந்த இளைஞர், சண்டை வந்ததும் வேறு மனிதராக மாறியதை மேலதிகாரிகள் கண்டார்கள். 1749-ல் தேவிக்கோட்டைத் தாக்குதலில் முன்னணியில் நின்றார். அடுத்த ஆண்டே நரம்புத் தளர்ச்சியோடு கூடிய காய்ச்சலில் விழுந்தார். உடல் தேற அவரை வங்கத்துக்குக் கடற்பயணம் அனுப்பிவைத்தார்கள்.

தேறி வந்தவர் 1751 ஆகஸ்ட் இறுதியில் 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு ஆற்காட்டை நோக்கி நடந்தார். வழியில் இடியும் மழையும் கொட்டின. அவர் நிற்கவில்லை. கோட்டையைப் போரின்றிப் பிடித்தார். பிறகு பன்மடங்கு பெரிய படை சுற்றி வளைக்க, 50 நாள் தாக்குப்பிடித்தார். முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு 26 வயது நிறைந்தது. அடுத்த சில மாதங்களில் ஆரணி, காவேரிப்பாக்கம், திருச்சிராப்பள்ளி என்று ஓயாமல் போரிட்டார். 1752 இறுதிக்குள் உடல் மறுபடியும் தளர்ந்தது. 1753 பிப்ரவரியில் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில் மார்கரெட் மாஸ்கலினை மணந்துகொண்டு இங்கிலாந்து திரும்பினார். ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியைக் குடும்பக் கடனை அடைக்கச் செலவிட்டார். மீதியில் பெரும்பகுதி ஆடம்பரத்திலும், வென்றும் நிலைக்காத ஒரு நாடாளுமன்றத் தேர்தலிலும் கரைந்தது. மீண்டும் பொருள் ஈட்ட இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

1757 ஜூன் மாதம் பிளாசிக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியை எல்லா வரலாற்று நூல்களும் சொல்கின்றன. போரிடுவதா, காத்திருப்பதா என்று முடிவுசெய்ய ஜூன் 21 அன்று கிளைவ் தம் அதிகாரிகளைக் கூட்டினார். காத்திருக்கலாம் என்று அவரே முதலில் சொன்னார், பெரும்பான்மையோர் ஒப்பினார்கள். பிறகு தனியே சென்று ஒரு மணி நேரம் யோசித்தவர், திரும்பி வந்து படையைப் புறப்படச் சொன்னார். ஜூன் 23 அன்று வெற்றி கிடைத்தது. அவருடைய மனநோய்க்குச் சான்றாகச் சிலர் இதைக் காட்டுவதுண்டு. அது தவறு. நெருக்கடியில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் முடிவை மாற்றிக்கொள்வது நோய் ஆகாது.

மனநிலைச் சுழற்சி பற்றி நம்மிடையே உள்ள மிகப் பெரிய தவறான எண்ணமும் இதுதான். காலையில் சிரித்து மாலையில் கோபப்படுகிறவரைப் பார்த்து அவருக்குப் பைபோலார் என்று விளையாட்டாகச் சொல்கிறோம். இந்நோயின் அளவுகோல் மணிநேரம் அன்று, வாரங்களும் மாதங்களும்தான். மிகை எழுச்சி என்று சொல்ல, அந்த நிலை குறைந்தது ஒரு வாரமாவது, நாளின் பெரும்பகுதி நீடித்திருக்க வேண்டும். சோர்வுக் கட்டத்துக்கு இரண்டு வாரம் என்பது குறைந்தபட்ச அளவு. ஓராண்டில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டங்கள் வந்தால் அதை விரைவுச் சுழற்சி என்கிறார்கள். கட்டங்களுக்கு இடையே மனிதர் முற்றிலும் இயல்பாக இருக்கக்கூடும். சிலருக்கு அந்த இயல்பான இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீளும். அதனால்தான் நோய் போய்விட்டது என்று குடும்பம் நம்பிவிடுகிறது.

எழுச்சிக் கட்டத்தின் அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் நோயாகத் தோன்றாது. மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்ற உணர்வு, வேகமான பேச்சு, ஒன்றன் மேல் ஒன்றாகத் திட்டங்கள், துணிச்சல், தாராளமான செலவு, தன்னால் ஆகாதது இல்லை என்ற நம்பிக்கை ஆகியவை அவை. இவற்றில் பலவற்றைச் சந்தையும் சமூகமும் நற்பண்புகளாகவே மதிக்கின்றன. கிளைவின் சுறுசுறுப்பைக் கம்பெனி பணத்தாலும் பட்டத்தாலும் போற்றியது. மீர் ஜாபரிடமிருந்து அவர் பெற்ற தொகை 2,34,000 பவுன். அதுபோக ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 பவுன் தரும் ஜாகீர். 1760-ல் நாடு திரும்பியபோது பிரிட்டனின் பெருஞ்செல்வர்களில் அவரும் ஒருவர். திரும்பிய சில மாதங்களிலேயே நோயில் விழுந்து நெடுநாள் கிடந்தார்.

1765 மே மாதம் மூன்றாம் முறையாக இந்தியா வந்தார். ஆகஸ்ட் 12 அன்று முகலாயப் பேரரசர் ஷா ஆலமிடமிருந்து வங்கம், பிகார், ஒரிசாவின் வரி வசூலிக்கும் உரிமையைப் பெற்றார். கம்பெனி ஊழியரின் சொந்த வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதிக்க முயன்றார். படித்தொகையைக் குறைத்ததற்காகக் கூட்டாகப் பதவி விலகிய படை அதிகாரிகளை 1766-ல் அடக்கினார். இவ்வளவையும் இரண்டாண்டுக்கும் குறைவான காலத்தில் செய்தவர், அவ்வாண்டு இறுதியில் எந்த அலுவலையும் பார்க்க இயலாதபடி நிலைகுலைந்தார். 1767 தொடக்கத்தில் உடைந்த உடலும் மனமுமாகக் கப்பலேறினார். உடல் தேறப் பிரான்சுக்கும் போய்ப் பார்த்தார். அபின் பழக்கம் கூடியது.

அவர் உருவாக்கிய வரி அமைப்பின் கீழ் 1769-70-ல் வங்கத்தில் கொடும் பஞ்சம் வந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டதாக வாரன் ஹேஸ்டிங்ஸ் மதிப்பிட்டார். கிளைவ் சேர்த்த செல்வம் பற்றி 1772-ல் நாடாளுமன்றம் விசாரிக்கத் தொடங்கியது. 1773 மே மாதம், அவர் அவ்வளவு பணம் பெற்றது உண்மை என்றும், நாட்டுக்குப் பெருந்தொண்டு ஆற்றியதும் உண்மை என்றும் தீர்மானித்து விவகாரத்தை முடித்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 22 அன்று லண்டனில் தம் இல்லத்தில் கிளைவ் இறந்தார். அவரே தம் முடிவைத் தேடிக்கொண்டார் என்பதே பெரும்பாலோர் கருத்து. பிறந்த ஊருக்கு அருகில் மோர்டன் சே ஆலயத்தில், பெயர் பொறிக்காத இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நோயைச் சொல்லி அவர் செய்தவற்றுக்கு மன்னிப்புத் தேட முடியாது. எழுச்சிக் கட்டம் ஒருவரின் துணிச்சலைக் கூட்டலாம். ஒரு நாட்டைச் சுரண்டும் அதிகாரத்தைக் கிளைவுக்குக் கொடுத்தவை கம்பெனியின் சாசனமும் படையும் பேராசையும். இந்நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் தம்மையும் தம் குடும்பத்தையும் தவிர யாரையும் துன்பத்துக்கு ஆளாக்குவதில்லை. கிளைவின் கதையில் நான் கவனிப்பது வேறு. 30 ஆண்டுகளில் எழுச்சியும் வீழ்ச்சியும் பலமுறை மாறி மாறி வந்தும், எழுச்சியை அவருடைய மேதைமை என்றும் வீழ்ச்சியை வெப்ப நாட்டுக் காய்ச்சல் என்றும் தனித்தனியே பிரித்துத்தான் அவரைச் சுற்றியிருந்தோர் பார்த்தார்கள்.

அவர்களைக் குறைசொல்லவும் இயலாது. எழுச்சியும் சோர்வும் ஒரே நோயின் சுழற்சி என்பதைப் பாரிஸ் மருத்துவர்கள் ஃபால்ரேயும் பைலார்ஜேயும் தெளிவாக எழுதியது 1854-ல். கிளைவ் இறந்து அப்போது 80 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1899-ல் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் இதைப் பிற மனநோய்களிலிருந்து பிரித்து வகைப்படுத்தினார். ஒருவருடைய கட்டங்களை ஆண்டுவாரியாகக் கட்டம் போட்டு வண்ணத்தில் குறித்துவைப்பது அவர் வழக்கம். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் உப்பு எழுச்சிக் கட்டத்தைத் தணிக்கிறது என்று கண்டறிந்தார். இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்துகளில் அது ஒன்று.

கிளைவின் காலத்தில் இல்லாத அறிவும் மருந்தும் இன்று நம்மிடம் இருக்கின்றன. ஆயினும் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, இந்நோய் உள்ளோரில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. இதற்கு ஒரு முக்கியக் காரணம், சோர்வின்போது மட்டுமே மக்கள் மருத்துவரை நாடுவது. சென்ற ஆண்டின் எழுச்சிக் கட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்போது அவர் நன்றாகத்தானே இருந்தார் என்பது வீட்டாரின் நினைப்பு. எழுச்சியை அறியாத மருத்துவர் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அதுவே அடுத்த எழுச்சியைத் தூண்டிவிடும்.

பழவேற்காட்டுக் குப்பங்களில் இந்த அறிவு போய்ச்சேரத் தனிக் காரணங்கள் உண்டு. முதலாவது, தூக்கம். தூக்கம் கெடுவது எழுச்சிக் கட்டத்தின் அடையாளம் மட்டுமன்று, அதைத் தொடங்கிவைக்கும் காரணமும் ஆகும். ஏரித் தொழிலோ இரவையும் நீரோட்டத்தையும் நம்பியது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்னும் முறை வழிவழியாக உள்ளது. இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரே முறைவைத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. முறை நாளில் எழ முடியாமல் கிடப்பவர் அந்த நாளின் வருமானத்தை இழக்கிறார்.

இரண்டாவது, மருந்து. லித்தியம் உட்கொள்பவர் வெயிலில் அதிகம் வியர்த்து, உடலில் நீரும் உப்பும் குறைந்தால், இரத்தத்தில் அதன் அளவு கூடி நஞ்சாகும் ஆபத்து உண்டு. கை நடுக்கம் கூடுவதும், வாந்தி, பேதி, தள்ளாட்டம் வருவதும் அதன் அறிகுறிகள். கடற்கரையில் உழைப்பவருக்கு இதை எழுதிக்கொடுக்கும் மருத்துவர் அவருடைய தொழிலைக் கேட்டறிய வேண்டும். உரிய காலத்தில் இரத்தப் பரிசோதனையும் நடக்க வேண்டும். மூன்றாவது, கடன். எழுச்சிக் கட்டத்தில் வாங்கிய முன்பணத்தைச் சோர்வுக் கட்டத்தில் அடைக்க வழியில்லை. பிடித்த மீனைக் குறைந்த விலைக்கு அதே வியாபாரியிடம் கொடுக்கும் கட்டாயம் குடும்பத்துக்கு வருகிறது. நோய் தணிந்த பிறகும் கடன் தணிவதில்லை.

அமாவாசை, பௌர்ணமியில் புத்தி பேதலிக்கும் என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றியது. விரைவுச் சுழற்சி உள்ள 17 பேரின் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் வேர், சிலருடைய மனநிலை மாற்றம் நிலவின் சுழற்சியோடு பொருந்துவதாக எழுதியிருக்கிறார். இவ்வளவு சிறிய ஆய்வை வைத்து எல்லோருக்கும் விதி வகுக்க முடியாது. மருந்தை விட்டுவிட்டு அமாவாசைக்கு அமாவாசை பரிகாரம் செய்ய அது சான்று ஆகாது. ஆனால் அந்த 17 பேரும் தம் மனநிலையை நாள்தோறும் குறித்துவைத்ததால்தான் அத்தகைய ஆய்வு இயன்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான் குடும்பங்களுக்குப் பரிந்துரைப்பதும் அதையே. ஒரு நாட்காட்டியில் மூன்று செய்திகளை நாள்தோறும் எழுதினால் போதும். எத்தனை மணி நேரம் தூங்கினார், மனம் எப்படி இருந்தது, வழக்கத்துக்கு மாறாக என்ன செலவு செய்தார் என்பவை அவை. ஆறு மாதப் பக்கங்களைச் சேர்த்து மருத்துவரிடம் காட்டினால், அரை மணி நேர உரையாடலில் வெளிப்படாத சுழற்சி அதில் தெரியும். வீட்டில் ஒருவர், பெரும்பாலும் மனைவியோ தாயோ, இதைச் செய்ய முடியும். தூக்கம் தொடர்ந்து மூன்று நாள் குறைந்தால் மருத்துவரைப் பார்ப்பது, அந்தக் காலத்தில் புதுக் கடன் வாங்குவதில்லை என்று நலமாயிருக்கும்போதே நோயாளியோடு பேசி முடிவுசெய்துகொள்வது ஆகியவை மருந்தோடு சேர்ந்து காக்கும். நலமாகிவிட்டது என்று தாமாக மாத்திரையை நிறுத்துவதுதான் சுழற்சி திரும்பி வருவதற்கு முக்கியமான காரணம்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. கிளைவ் இறந்து 20 ஆண்டுகளுக்குப் பின், 1794-ல் தொடங்கப்பட்ட மனநலக் காப்பகம்தான் இன்று கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனையாக நிற்கிறது. ஏரியின் தீவுக் கிராமம் ஒன்றிலிருந்து படகேறி, பேருந்து மாறி அங்கே போய்வர ஒரு நாள் உழைப்பு போய்விடும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறித்த நாளில் பழவேற்காட்டுக்கே வருவதும், மருந்து அங்கேயே தடையின்றிக் கிடைப்பதும், லித்தியத்துக்கான இரத்தப் பரிசோதனை பொன்னேரியிலாவது நடப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமை குப்பங்களைச் சென்றடைய வேண்டும். உடனடி உதவிக்கு 14416 என்ற கட்டணமில்லா டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கிளைவை 30 ஆண்டுகள் சுற்றியிருந்தவர்கள் அவருடைய வெற்றிகளைத் தேதி வாரியாக எழுதிவைத்தார்கள். தூங்காத இரவுகளையும் எழ முடியாத காலைகளையும் சேர்த்து எழுதிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் கொடுக்க மருந்தில்லை. நமக்கு இரண்டும் இயலும். ஒரு மீனவர் நான்காம் நாளும் உறங்காமல் வலை கட்டப் புறப்படும்போது, சோர்ந்து விழும் நாளுக்குக் காத்திராமல் அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அந்த வீட்டுக்கும் ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.